ஒரு பகலில் பொருநை

ஆற்றோடு பிறந்து ஆற்றோடு வளர்ந்த ஊர்களின் வரலாற்றை ஆற்றின் போக்கிலேயே படிக்க வேண்டும். நூலகத்தில் அமர்ந்து கற்றதைவிட, ஒரு பகல் முழுதும் பொருநையின் கரையில் இறங்கி நடந்தபோதே இவ்வுண்மை எனக்கு நன்கு விளங்கிற்று. நமது வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவையொட்டி உறுப்பினர் அனைவரும் ஒருநாள் உலாச் செல்வதென்று முடிவாயிற்று. அதற்கு வழித்திட்டம் வகுக்கும் பணி என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்பணியில் எழுந்த ஐயங்களும் அவற்றிற்கு நான் கண்ட விடைகளுமே இக்கட்டுரை.

முதற் கூட்டத்திலேயே ஒரு வழக்கு எழுந்தது. மூத்த அன்பர்கள் கோயில்கள், கல்வெட்டுகள், தொல்லியல் களங்கள் என்று ஒரு பட்டியல் தந்தனர். இளைய அன்பர்களோ அணைக்கட்டு, அறிவியல் மையம், புதிய அருங்காட்சியகம் என்று மற்றொரு பட்டியல் தந்தனர். ‘மரபு ஒரு பாதி, புதுமை ஒரு பாதி; காலையில் அது, மாலையில் இது’ என்று சமாதானம் பேசினார் ஒருவர். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆயினும் என் மனம் அதற்கு இசையவில்லை.

சியோல் நகர் தந்த பாடம்

கொரிய நாட்டுத் தலைநகராகிய சியோலுக்குச் சென்று திரும்பிய நம் அன்பர் ஒருவர், அங்கு நடைபெறும் ஒருநாள் உலாவைப் பற்றிச் சொன்னார். காலையில் பழைய அரண்மனை. நண்பகலில் மரபு வீடுகள் நிறைந்த தெருக்கள். மாலையில் குன்றின்மேல் நிற்கும் வானளாவிய கோபுரமும் அங்காடிகளும். கையில் சிறு கொடி ஏந்திய வழிகாட்டி முன்னே செல்ல, பயணிகள் பின்னே செல்வார்களாம். ‘பழையது ஒரு பாதி, புதியது ஒரு பாதி என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?’ என்றார் அவர்.

அந்த உலாவில் காட்டப்பெறும் இடங்களின் வரலாற்றைச் சற்று ஆராய்ந்தேன். கியோங்போக்குங் என்னும் அந்த அரண்மனை 1395-இல் எழுந்தது. 1592-இல் சப்பானியப் படையெடுப்பின்போது எரிந்து சாம்பலாயிற்று. ஏறத்தாழ 270 ஆண்டுகள் பாழ்பட்டுக் கிடந்தபின் 1867-இல் மீண்டும் கட்டப்பெற்றது. கொரியா சப்பானின் ஆட்சிக்குட்பட்ட காலத்தில் அதன் கட்டடங்களுட் பெரும்பாலானவை அகற்றப்பட்டன. அரண்மனையை மறைத்துக்கொண்டு ஆட்சித் தலைமை அலுவலகம் 1926-இல் எழுந்தது. நாடு விடுதலை பெற்றுப் பல்லாண்டுகள் கழிந்தபின், 1995, 1996 ஆண்டுகளில் அவ்வலுவலகத்தை இடித்து நீக்கினர். அரண்மனையைச் சிறிது சிறிதாக மீட்டெடுத்து வருகின்றனர். எனவே பயணி காலையில் காணும் ‘பழைமை’ பெரும்பாலும் நம் காலத்தவர் மீட்டுக் கட்டியதே.

அந்நகரின் நடுவே ஓடும் சியோங்கியேசியோன் என்னும் ஓடையின் கதை இன்னும் வியப்பானது. வறுமையும் கழிவும் நிறைந்திருந்த அவ்வோடையை ஒருகாலத்தில் மூடிவிட்டு, அதன்மேல் தூண்கள் நிறுத்தி நெடுஞ்சாலை அமைத்தனர். அன்று அதுவே புதுமை. 2003-இல் அச்சாலையை இடிக்கத் தொடங்கி, 2005-இல் ஏறத்தாழ 6 கி.மீ. நீளத்திற்கு ஓடையைத் திறந்துவிட்டனர். இன்று அங்கு மாலைதோறும் மக்கள் நீரில் கால் நனைத்து அமர்ந்திருக்கின்றனர். ஓர் ஓடையைத் திறப்பதே அந்நகரின் ஆகப் புதிய புதுமையாயிற்று!

ஆகவே, பழைமையும் புதுமையும் இரண்டு பட்டியல்கள் அல்ல. இன்று நாம் மரபு என்று போற்றும் ஒவ்வொன்றும் ஒருநாள் புதுமையாய் இருந்ததே. இன்று புதுமை என்று காட்டுவதும் ஒருநாள் மரபாகும், அல்லது பழியாகும். இதனை நம் பொருநைக் கரையைப்போல் தெளிவாகக் காட்டும் இடம் அரிது. எனவே, பட்டியலை மறந்து ஆற்றைப் பின்பற்றுவோம் என்று முடிவு செய்தேன். மலையில் தொடங்கிக் கடலில் முடிப்பது. ஆறு ஏறத்தாழ 125 கி.மீ. ஓடிக் கடக்கும் தொலைவை ஒரு பகலில் கடப்பது. இதுவே திட்டம்.

காலை: மலையடிவாரம்

விடியுமுன் திருநெல்வேலியிலிருந்து புறப்பட்டால் ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவிலுள்ள பாபநாசத்தைக் கதிரவன் எழும் நேரத்தில் அடையலாம். பொதிகைமலையில் அகத்தியர் அமர்ந்து தமிழ் வளர்த்தார் என்ற நம்பிக்கையோடு வளர்ந்தவர்கள் நாம். கல்யாண தீர்த்தத்தில் அவர் இறைவனின் திருமணக் காட்சியைக் கண்டார் என்பது தலபுராணம். மலை அதே மலைதான். காடும் அதே காடுதான். ஆயினும் இக்காட்டிற்கு இன்று வேறு பெயரும் உண்டு. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் என்று 1988-இல் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டின் முதற் புலிகள் காப்பகம் இதுவே. முனிவர் இருப்பதாக நம்பிக் காத்த காட்டைப் புலி இருப்பதறிந்து காக்கிறோம். ஆறு பிழைத்திருப்பது இவ்விரு காவலாலும்தான்.

அதே இடத்தில் நீர் விழும் விசையைக் கண்டு வேறு கணக்குப் போட்டவர்களும் உண்டு. ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஆர்வி சகோதரர்கள் 1880-களில் பாபநாசத்தையடுத்த விக்கிரமசிங்கபுரத்தில் நீர்விசையால் இயங்கும் பஞ்சாலையை நிறுவினர். கரிசல் நிலத்துப் பருத்தி மலையடிவாரத்து அருவி நீரால் நூலாயிற்று. உழவர் குடியிற் பிறந்த பலர் அதன் பின்னர்ச் சங்கொலி கேட்டு எழுபவராயினர். 1944-இல் பாபநாசம் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. பைக்காரா, மேட்டூர் ஆகியவற்றையடுத்துச் சென்னை மாகாணம் பெற்ற பெரிய நீர்மின் நிலையம் அது. அருவியைப் பாடியவர்களின் வழிவந்தோர் அதே அருவி தந்த மின்விளக்கின் அடியில் அமர்ந்து எழுதலாயினர். இதில் வருந்துவதற்கு ஒன்றுமில்லை. நினைவில் வைக்க வேண்டியது மட்டும் உண்டு.

வழியில்: எட்டு அணைகள்

பாபநாசத்திலிருந்து கிழக்கே திரும்பும் வண்டியில் அன்பர்கள் உறங்கிவிடக்கூடாது. சாலையின் இருபுறமும் விரியும் வயல்களே இவ்வுலாவின் மிகப் பெரிய மரபுச் சின்னம். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், திருவைகுண்டம் என எட்டு அணைக்கட்டுகள் இவ்வாற்றின் குறுக்கே நிற்கின்றன. இவற்றுள் கடைசியாகிய திருவைகுண்டம் அணை ஒன்றே ஆங்கிலேயர் காலத்தில், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் எழுந்தது. ஏனைய ஏழும் அவர்கள் வருமுன்பே நம்மவர் கட்டியவை.

கன்னடியன் கால்வாய்க்கு ஒரு செவிவழிக் கதை உண்டு. கன்னட நாட்டிலிருந்து வந்த அந்தணர் ஒருவர், தமக்குக் கிடைத்த செல்வம் முழுவதையும் கால்வாய் வெட்டச் செலவிட்டாராம். ஒரு பசுவின் பின்னே நடந்து, அது சென்ற வழியே கால்வாயும், அது படுத்த இடத்தில் குளமும் அமைத்தாராம். கதையை வரலாறாகக் கொள்ள வேண்டுவதில்லை. ஆனால் நிலத்தின் ஏற்றத்தாழ்வை அறியாதவன் இக்கதையைப் புனைந்திருக்க முடியாது. மேட்டைத் தவிர்த்துச் சரிவைத் தேடி நடப்பது பசுவின் இயல்பு. அளவுக் கருவியில்லாத காலத்துப் பொறியியல் அது. அக்கதையில் வேறொன்றும் கவனிக்கத்தக்கது. இக்கரை நினைவில் வைத்துக்கொண்டது அரசன் பெயரை அன்று. வெளியூரிலிருந்து வந்து நீர் கொடுத்துப் போன ஒருவனின் நாட்டுப் பெயரை.

கோயிலுக்குச் சென்றால் கும்பிடுகிறோம். அணைக்கட்டைக் கண்டால் படம் எடுத்துக்கொண்டு நகர்கிறோம். ஆயினும் கோயில் விளக்கு எரிந்ததும் நாள்தோறும் அமுது படைக்கப்பட்டதும் இக்கால்வாய் பாய்ந்த வயலின் விளைச்சலால்தான்.

நண்பகல்: நெல்லையும் பாளையும்

நெல்லையப்பர் கோயிலில் உச்சிக்காலத்திற்குப் பின் நடை அடைக்கப்படும். ஆதலால் முற்பகல் பத்தரை மணிக்குள் திருநெல்வேலி நகரை அடைவது நன்று. மணிமண்டபத்து இசைத்தூண்களைக் காண்போர் அனைவரும் வியப்பர். ஒரே கல்லில் பெரிய தூணும் அதனைச் சூழச் சிறு தூண்களுமாகச் செதுக்கி, தட்டினால் வெவ்வேறு ஒலி எழுமாறு அமைத்த சிற்பிகளின் பெயர் நமக்குத் தெரியாது. ஐந்து சபைகளுள் தாமிர சபை இங்கே உள்ளது என்பதையும் அன்பர்கள் அறிவர்.

நான் காட்ட விரும்புவது சங்கிலி மண்டபத்தை. சுவாமி கோயிலும் அம்மன் கோயிலும் தனித்தனியே நின்றிருந்தன. 1647-இல் வடமலையப்ப பிள்ளையன் இம்மண்டபத்தைக் கட்டி இரண்டையும் இணைத்தார். இரண்டையும் இணைக்கும் புதிய மண்டபத்தைக் கண்டு அன்று முணுமுணுத்தவர் எவரேனும் இருந்தனரோ, அறியோம். இன்றோ அம்மண்டபமின்றி இக்கோயிலை எவராலும் எண்ணிப் பார்க்க இயலாது. புதியது பழையதோடு பொருந்துவதற்கு இதைவிட நல்ல இலக்கணம் வேண்டுமா?

இணைத்தல் என்பதே இந்நகரின் வரலாறு எனலாம். ஆற்றின் இக்கரையில் நெல்லை, அக்கரையில் பாளையங்கோட்டை. 1801-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஊமைத்துரையும் அவர் தோழர்களும் சிறையிலிருந்து தப்பியது இப்பாளையங்கோட்டையில்தான். பின்னர் அவ்வூர் கல்லூரிகளால் புகழ்பெற்றது. இரு கரைகளுக்கும் இடையே பாலமின்றிப் படகையே நம்பியிருந்த காலத்தில், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் சிரஸ்தாராகப் பணியாற்றிய சுலோசன முதலியார் தம் கைப்பொருளைத் தந்து பாலம் கட்டச் செய்தார். 11 வளைவுகள் கொண்ட அப்பாலம் 1843-இல் திறக்கப்பட்டது. அவர் மனைவியார் தம் அணிகலன்களைக் கழற்றித் தந்தார் என்று ஊரார் இன்றும் சொல்லக் கேட்கலாம். கொரியர்கள் அயலாட்சியின் அலுவலகத்தை இடித்தனர். அதற்கு அவர்களிடம் தக்க காரணம் இருந்தது. நாம் அயலாட்சிக் காலத்தில் எழுந்த இப்பாலத்தின்மீது நன்றியோடு நடக்கிறோம். நமக்கும் தக்க காரணம் இருக்கிறது. கட்டடத்தை மட்டும் கண்டால் இவ்வேறுபாடு விளங்காது. கட்டியவர் யார், யாருக்காகக் கட்டினார் என்று சொல்ல ஒருவர் வேண்டும்.

பாலத்தின் அருகே வண்ணாரப்பேட்டை. இலக்கிய வட்டத்தைச் சேர்ந்த நாம் தொழுது செல்ல வேண்டிய இடம் இது. ரசிகமணி டி.கே.சி. அவர்களின் இல்லத்தில் கூடிய வட்டத்தொட்டி, தமிழ்நாட்டு இலக்கிய வட்டங்கள் அனைத்திற்கும் மூத்த தமக்கை. மேடையும் தலைமையுரையுமின்றிக் கவிதையைப் படித்துச் சுவைப்பதே ஒரு கலை என்று அங்கு நிலைநாட்டப்பட்டது. அத்தொட்டியில் வளர்ந்தவர் தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான். அரசுப் பணியில் இருந்துகொண்டே தமிழ்நாட்டுக் கோயில்களை ஊர் ஊராகச் சுற்றிக் கண்டு ‘வேங்கடம் முதல் குமரி வரை’ என்னும் நூல் தொகுதியைத் தந்தார். அதன் பகுதிகளுள் ஒன்றின் பெயர் ‘பொருநைத் துறையிலே’ என்பது. ஆற்றின் வழியே ஊர்களைக் காட்டும் முறையை அவர் முன்பே வகுத்து வைத்திருக்கிறார். கேட்பாரற்றுக் கிடந்த சிற்பங்களைத் தேடிச் சேர்த்துத் தஞ்சைக் கலைக்கூடம் அமையக் காரணமானவரும் அவரே. வழிகாட்டி என்ற சொல்லுக்கு அவரினும் தக்க பொருள் நமக்கு இல்லை.

பலகை இல்லாத ஓரிடம்

பாலத்தைக் கடந்தால் கொக்கிரகுளம். 1987 முதல் அங்கு மாவட்ட அறிவியல் மையம் உள்ளது. பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்து, நெம்புகோலை அழுத்தியும் ஆடியில் தம் உருவம் கோணுவதைக் கண்டு சிரித்தும் மகிழ்வர். இளைய அன்பர்கள் விரும்பியபடியே அங்கும் செல்வோம்.

ஆனால் அதே கொக்கிரகுளத்து ஆற்றங்கரையில் வேறொன்றும் நிகழ்ந்தது. 1999-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் நாள், மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கோரிக்கைகளுக்காக மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கி ஊர்வலமாக வந்த மக்கள்மீது காவல்துறையின் தடியடி நிகழ்ந்தது. ஆற்றில் இறங்கிய மக்களுள் 17 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் ஒரு கைக்குழந்தையும் உண்டு. இதே ஆற்றின் கிளையாகிய மணிமுத்தாற்றின் தலைப்பில் உள்ளது மாஞ்சோலை. சிங்கம்பட்டி சமீனிடமிருந்து 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு ஒரு நிறுவனம் பெற்ற காடு அது. பயணிகள் அதன் குளிரையும் பசுமையையும் காணச் செல்கின்றனர். அப்பசுமையை வளர்த்த கைகளின் கதையை எந்த உலா அட்டையும் அச்சிடுவதில்லை.

இதனை உலாவில் சேர்க்கலாமா என்று கூட்டத்தில் தயங்கியவர்கள் உண்டு. ‘மகிழ்ச்சிக்காகச் செல்லும் நாளில் இது எதற்கு?’ என்றனர். அவர்கள் தயக்கத்தை நான் குறைகூறவில்லை. ஆயினும் ஊமைத்துரையின் சிறையைக் காட்டலாம், இக்கரையைக் காட்டலாகாது என்றால், நாம் சொல்வது வரலாறன்று. நமக்கு உவந்த கதை மட்டுமே. இருநூறு ஆண்டுகள் கடந்த துயரம் மரபாகிறது. நம் கண்முன் நிகழ்ந்த துயரம் சங்கடமாகிறது. இவ்வேறுபாட்டைக் கவிஞர்களாகிய நாமும் ஏற்றுக்கொள்வதா? அங்கே ஐந்து நிமிடம் பேசாது நிற்போம். பின்னர் வண்டியேறுவோம் என்று எழுதினேன். திட்டத்தில் அவ்வரி இன்றும் அடிக்கப்படாமல் இருக்கிறது.

பிற்பகல்: மண்ணுக்குள் இருந்த புதுமை

பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர்ச் சாலையில் சிறிது தொலைவு சென்றால் கிருஷ்ணாபுரம். நாயக்கர் காலத்துச் சிற்பங்களின் களஞ்சியமாகிய வேங்கடாசலபதி கோயில் அங்குள்ளது. கர்ணனும் அர்ச்சுனனும், மன்மதனும் இரதியும் நிற்கும் அம்மண்டபத்தில், அரசகுமாரியைத் தூக்கிச் செல்லும் குறவனும், கூடையேந்திய குறத்தியும் அதே உயரத்தில், அதே நுணுக்கத்தோடு நிற்கின்றனர். காவிய மாந்தருக்கு ஈடாக எளிய மாந்தரையும் கல்லில் நிறுத்திய அந்த மனத்தைப் பாருங்கள்.

அதே சாலையில் மேலும் சென்றால் ஆதிச்சநல்லூர்ப் பரம்பு. 114 ஏக்கர் பரப்புள்ள அம்மேட்டில் முதுமக்கள் தாழிகள் புதைந்திருப்பதை 1876-இல் செருமானிய அறிஞர் சாகோர் கண்டார். அகழ்ந்தெடுத்தவற்றைப் பெர்லின் நகருக்குக் கொண்டு சென்றார். பின்னர் அலெக்சாந்தர் ரீ 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் விரிவாக அகழ்ந்தார். பொன்னாலான நெற்றிப்பட்டங்களும், விலங்குருக்கள் அமைந்த வெண்கலக் கலங்களும், இரும்பு வாள்களும் வேல்களும் கிடைத்தன. அவை சென்னை அருங்காட்சியகம் சேர்ந்தன. அதன்பின் ஒரு நூற்றாண்டு அமைதி. இந்தியத் தொல்லியல் துறை 2004-இல் மீண்டும் அகழ்ந்தது. நூற்றுக்கு மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. ஆயினும் அதன் அறிக்கை வெளிவரவும், பொருள்கள் இம்மண்ணிலேயே காட்சிக்கு வரவும் நெடுங்காலம் ஆயிற்று.

அந்தக் காத்திருப்பைக் கலைத்தவர்களுள் ஓர் எழுத்தாளரும் உண்டு. நெல்லைச் சீமையின் வரலாற்றையும் ஆற்றையும் பற்றித் தொடர்ந்து எழுதிவரும் முத்தாலங்குறிச்சி காமராசு, ஆதிச்சநல்லூருக்காக உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்குத் தொடுத்தார். 2020-ஆம் ஆண்டு நடுவணரசின் வரவு செலவுத் திட்டத்தில் அருங்காட்சியகம் அமையவிருக்கும் ஐந்து தொல்லியல் களங்களுள் ஒன்றாக ஆதிச்சநல்லூர் அறிவிக்கப்பட்டது. 2021-இல் புதிய அகழாய்வு தொடங்கியது. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள், அகழ்ந்த குழியை அவ்விடத்திலேயே கண்ணாடித் தளத்தின் வழியே காணும் காட்சிக்கூடம் திறக்கப்பட்டது. பெர்லினுக்கும் சென்னைக்கும் போய்க் காணவேண்டியதை ஆதிச்சநல்லூர்க் குழந்தை தன் காலடியில் குனிந்து காணும் நாள் வந்தது. எழுத்து என்ன செய்யும் என்று கேட்போருக்கு இது ஒரு விடை.

ஆற்றின் வடகரையில் சிவகளை. அங்கு மாநிலத் தொல்லியல் துறை அகழ்ந்த தாழி ஒன்றில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021-இல் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டே திருநெல்வேலியில் பொருநை அருங்காட்சியகம் அமைக்கும் அறிவிப்பும் வந்தது. ரெட்டியார்பட்டியில் அது எழுப்பப்பட்டது. சிவகளை இரும்பின் காலம் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டு வரை செல்கிறது என்ற ஆய்வறிக்கை 2025-ஆம் ஆண்டு சனவரியில் வெளியாயிற்று. அறிஞரிடையே இதுகுறித்து ஆய்வும் வாதமும் தொடர்கின்றன, தொடரட்டும். நாம் கருத வேண்டியது வேறு. மண்ணை உருக்கி இரும்பு கண்ட நாளில் அதனினும் புதியது உலகில் எது இருந்திருக்கும்? தாழிக்குள் துருப்பிடித்துக் கிடக்கும் வாளும் ஒருகாலத்தில் அறிவியல் மையத்துப் பொருளே.

ஏடு தேடி வந்தவர்

திருவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை என நவதிருப்பதிகள் ஆற்றின் இரு கரையிலும் தொடர்கின்றன. நம்மாழ்வார் அமர்ந்த உறங்காப்புளியைக் கண்டு வணங்கியபின், ஆழ்வார்திருநகரியில் நாம் நினைவுகூர வேண்டிய பயணி ஒருவர் உண்டு. பத்துப்பாட்டின் ஏடுகளைத் தேடி உ.வே. சாமிநாதையர் திருநெல்வேலிக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் வந்தார். கவிராயர் இல்லங்களின் கட்டுகளை அவிழ்த்துப் பார்த்ததையும், ஊரார் உதவியதையும், ஏமாற்றத்திற்குப் பின் ஏடு கிடைத்த மகிழ்ச்சியையும் ‘என் சரித்திர’த்தில் அவரே விரித்துரைத்திருக்கிறார். 1889-இல் பத்துப்பாட்டு அச்சேறியது. பொருநைக் கரையில் நடந்த மரபு உலாக்களுள் இதனினும் பயன் விளைத்தது வேறொன்றில்லை. அவர் பழையதைத் தேடினார். அச்சு என்னும் புதுமையில் அதனைச் சேர்த்தார். தேடாதிருந்தால் செல்லும், மூடாதிருந்த மழையும் தின்று தீர்த்திருக்கும்.

மாலை: கடல் விலகிய துறை

வெயில் தாழும்போது கொற்கையை அடைகிறோம். பாண்டியரின் முத்துத் துறை. ‘எரித்ரேயக் கடற்பயணம்’ என்னும் கிரேக்க நூல் கூறும் முத்துக்குளிப்பு நடந்த கரை. ஆனால் கடலைக் காணோம்! கொற்கையில் இன்று காண்பது வயலும் குளமும் வாழையுமே. ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டல் கடலைக் கிழக்கே தள்ளிவிட்டது. கால்டுவெல் இவ்விடத்தை ஆராய்ந்து, துறைமுகம் கொற்கையிலிருந்து காயலுக்கு நகர்ந்த வரலாற்றை எழுதினார். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டது காயல் துறை. போர்ச்சுகீசியர் காலத்தில் சிறந்தது புன்னைக்காயல். அதன்பின் தூத்துக்குடி. ஆறே துறையை ஆக்கியது. ஆறே அதனைத் தூர்த்தது. எந்தப் புதுமையும் தன்னை நிலையானது என்று எண்ணிவிடலாகாது என்பதைக் கொற்கையினும் அழகாகச் சொல்லும் ஊர் இல்லை.

உலாவின் கடைசி நிறுத்தம் புன்னைக்காயல். பொருநை கடலோடு கலக்கும் முகம். போர்ச்சுகலிலிருந்து வந்து தமிழ் கற்ற அண்டிரிக் அடிகளார் எழுதிய ‘அடியார் வரலாறு’ 1586-இல் இங்கு அச்சானதாகக் கூறுவர். நூலெழுதுவோரும் நூல் படிப்போருமாகிய நாம் அங்கு நின்று கடலைப் பார்க்கும்போது, மலையில் அகத்தியர் பேரால் தொடங்கிய தமிழ் கடல்முகத்தில் அச்செழுத்தானதை எண்ணாமல் இருக்க முடியாது. ஒரே ஆறு, ஒரே பகல்.

வழிகாட்டி யார்?

திட்டத்தை எழுதி முடித்தபின் ஒன்றைச் சேர்க்க வேண்டியிருந்தது. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 நாள்களில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. பதிவாயிற்று. நாம் உலா செல்லும் இவ்வழி முழுதும் வெள்ளக்காடாயிற்று. திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட தொடர்வண்டி திருவைகுண்டத்தில் நின்றுவிட, நூற்றுக்கணக்கான பயணிகள் அங்கே சிக்கிக்கொண்டனர். சுற்றியிருந்த சிற்றூர் மக்கள் தம்மிடம் இருந்ததைச் சமைத்து அவர்களுக்கு உணவளித்தனர். வெள்ளம் வந்தபோது ஆறு தன் பழைய இடங்களைத் தேடிச் சென்றது. நாம் மூடிய ஓடைகளையும் தூர்ந்த குளங்களையும் நமக்கு நினைவூட்டிச் சென்றது. வெள்ளமில்லாத நாளில் நகரங்களின் கழிவுநீரை அதே ஆற்றில் கலக்க விடுகிறோம். சியோல் நகரத்தார் மூடிய ஓடையைத் திறந்தனர். நாமோ திறந்த ஆற்றைச் சாக்கடையாக்கி வருகிறோம். நாளைய உலாவில் நம் காலத்தைப் பற்றி வழிகாட்டி என்ன சொல்வார் என்பதே என் அச்சம்.

ஆகவே வட்டத்தாருக்கு என் வேண்டுகோள் இது. இவ்வுலாவுக்குக் கூலிக்கு வழிகாட்டி வைக்க வேண்டாம். ஒவ்வோர் இடத்திற்கும் நம்முள் ஒருவர் பொறுப்பேற்று, அவ்விடத்தின் வரலாற்றைக் கற்று, ஊராரிடம் கேட்டு, ஒரு பக்கத்திற்கு மிகாமல் எழுதிக் கொண்டுவந்து அங்கே நின்று படிக்கட்டும். கட்டியவர் பெயர் தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிடில், பெயரறியாச் சிற்பி என்றும் பெயரறியாத் தொழிலாளி என்றும் சொல்லுங்கள். இனித்ததைச் சொல்லும்போது கசந்ததை மறைக்காதீர்கள். அப்பக்கங்களை அடுத்த ஆண்டு மலரில் தொகுப்போம்.

பத்தாண்டுகளாகக் கவிதை படித்துக் கூடியிருக்கிறோம். பதினோராம் ஆண்டின் முதல் ஞாயிறன்று விடியற்காலை நான்கரை மணிக்குச் சந்திப்பு நிலையத்தின் முன் வண்டி நிற்கும். கொக்கிரகுளத்துக் கரைக்கு மட்டும் இன்னும் எவரும் பெயர் தரவில்லை. வேறு எவரும் முன்வராவிடில், அந்தப் பக்கத்தை நானே எழுதிக் கொண்டு வருகிறேன்.